அகமது ஷா மசூத்: அஃப்ஷாரைத் தாண்டிப் பேச முடியுமா?

கரிசல்காட்டான்:

ஒவ்வொரு செப்டம்பர் 9-ம் தேதியும் நான் பார்க்கிற நாலைந்து பக்கங்களில் ஒரே படம் வந்து விழும். பகோல் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொண்டு எங்கோ தூரத்து மலையைப் பார்க்கும் அந்த மனிதர், ஆப்கான் தளபதி அகமது ஷா மசூத். அவர் செத்த நாள் அது. கீழே "பஞ்ச்ஷீர் சிங்கம்", "ரஷ்யாக்காரனையும் தாலிபானையும் தண்ணி காட்டியவர்" என்று நாலு வரி. கல்லூரி நாளில் நானும் அப்படித்தான் எழுதித் திரிந்தேன், அதை ஒளிக்க ஒன்றுமில்லை. பிரெஞ்சு தெரிந்த, ஹாபிஸ் கவிதை வாசிக்கிற கெரில்லாத் தளபதி என்றால் இருபது வயதில் யாருக்குத்தான் பிடிக்காது?

போன மாதம் 1993-ல் காபூலின் மேற்குப் பக்கம் அஃப்ஷார் என்ற குடியிருப்பில் நடந்த கொலை, கொள்ளையைப் பற்றி, 2005-ல் வெளிவந்த இரண்டு மனித உரிமை அறிக்கைகளை உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். ஒன்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்டது, இன்னொன்று ஆப்கானிஸ்தான் ஜஸ்டிஸ் ப்ராஜெக்ட். வாசித்து முடித்த நாளிலிருந்து அந்தப் படம் கண்ணில் பட்டால் விரல் தானாகத் தள்ளிவிடுகிறது.

சோவியத்தை எதிர்த்த மசூத் வேறு, காபூலில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மசூத் வேறு, தாலிபானை எதிர்த்துச் செத்த மசூத் வேறு என்று மூன்று ஆளாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று காலத்திலும் யாரோடு சேர்வது என்று முடிவெடுத்தது ஒரே தலைதான். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். திட்ட வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.


நாஞ்சில் வாத்தியார்:

தம்பி, வாசித்தது நல்ல காரியம். ஆனால் சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதின தாளை வைத்து அளப்பதற்கு முன்னால் அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்க்கணும் இல்லையா.

1953-ல் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. காபூலில் பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு, அப்புறம் பாலிடெக்னிக்கில் பொறியியல். 1975-ல் அப்போதைய ஜனாதிபதி தாவூதின் அரசுக்கு எதிராக, பாகிஸ்தான் கொடுத்த தைரியத்தில், இவரும் கூட்டாளிகளும் பஞ்ச்ஷீரில் ஒரு கிளர்ச்சி செய்தார்கள். புஸ்வாணம். ஊர்க்காரர்களே கூட வரவில்லை. ஓடிப்போய்ப் பாகிஸ்தானில் இருந்துவிட்டு 1979-ல் திரும்பினார். இரண்டாம் முறை வந்தபோது மக்களை வைத்துக்கொண்டுதான் எதையும் செய்தார்.

பஞ்ச்ஷீரின் வாய் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சோவியத் எல்லையிலிருந்து சாலங் கணவாய் வழியாகக் காபூலுக்கு வருகிற நெடுஞ்சாலைக்குக் கைக்கெட்டும் தூரம். எரிபொருள் லாரி, குண்டு, மாவு எல்லாம் அதில்தான் வரணும். அதனால்தான் 1980-லிருந்து 85-க்குள் ஒன்பது பெரிய படையெடுப்பு. 1984 ஏப்ரலில் வந்தது எல்லாவற்றிலும் பெரிசு, வானம் நிறைய குண்டுவீச்சு விமானங்கள். அதற்கு முன்பே பள்ளத்தாக்கு மக்களைக் கிளப்பி வெளியே அனுப்பிவிட்டார். காலி வீடுகள் மேல்தான் குண்டு விழுந்தது. மற்ற பெருந்தலைகள் பெஷாவரில் வீடெடுத்து உட்கார்ந்து அறிக்கை விட்ட காலத்தில், இந்த ஆள் நாட்டை விட்டு வெளியே போனதே அபூர்வம்.

முதலில் இதை ஒரு தட்டில் வையுங்கள். அப்புறம் அஃப்ஷாரை எடுப்போம்.


சவுக்குத்தோப்பு:

சிஐஏ வளர்த்த பிள்ளை. இதில் வீரம் வேறயா.


வைகறை:

சவுக்குத்தோப்பு, ஒரு வரியில் முடிக்கணும் என்றால் அந்த ஒரு வரியாவது சரியாக இருக்கணும். அமெரிக்கப் பணமும் ஆயுதமும் பாகிஸ்தான் ஐஎஸ்ஐ கை வழியாகத்தான் உள்ளே போனது. ஐஎஸ்ஐக்குச் செல்லப்பிள்ளை மசூதின் போட்டித் தலைவர் குல்புதீன் ஹெக்மத்யார். பங்கில் கொழுத்த பகுதி அவருக்கு, மசூத்துக்கு வந்தது சொற்பம். சோவியத்திடம் பறித்ததையும், பஞ்ச்ஷீர் மரகதக் கல்லை விற்ற காசையும் வைத்து ஓட்டியவர் அவர்.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஒன்றை நைசாகத் தாண்டிவிட்டீர்கள். 1983 தொடக்கத்தில் அவர் சோவியத் ராணுவ உளவுத்துறையோடு நேரடியாகப் பேசிச் சண்டைநிறுத்தம் செய்துகொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. பஞ்ச்ஷீர் மூச்சு விட்டது, அவரும் வடக்கு மாகாணங்களுக்குப் போய் மற்ற தளபதிகளைச் சேர்த்து, பின்னால் ஷுரா-ஏ-நசார் என்று பெயர் வந்த அமைப்பைக் கட்டினார். ராணுவக் கணக்கில் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் மற்ற இடங்களில் அடி வாங்கிக்கொண்டிருந்த முஜாகிதீன்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? இந்தப் பக்கம் ஓய்ந்த துருப்பு அந்தப் பக்கம்தானே திரும்பும். அன்றைக்கே அவரைத் துரோகி என்றவர்கள் எல்லாரும் பொறாமையில் சொல்லவில்லை.

நான் அவரைக் குறை சொல்லவில்லை, அவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்கிறேன். இடமும் நேரமும் கிடைக்குமென்றால் யாரோடும் கை குலுக்குவார். அதே கைதான் பத்து வருஷம் கழித்து, அஃப்ஷாரில் கூட இறங்கிய சயாஃப் என்ற இன்னொரு கட்சித் தலைவரையும் பிடித்தது.


பழைய கணக்கர்:

பெரிய ஆராய்ச்சி எல்லாம் எனக்கு வராது. 2009-லிருந்து மூன்று வருஷம் காபூலில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் கணக்கு எழுதினேன், அந்த அளவில் சொல்கிறேன்.

விமான நிலையத்தில் இறங்கினாலே மசூத் படம். சாலைக்கு அவர் பெயர், சதுக்கத்துக்கு அவர் பெயர். டாக்ஸியின் பின்கண்ணாடி, போலீஸ் சாவடி, பேக்கரி, எங்கே பார்த்தாலும் அந்தத் தொப்பி. செப்டம்பர் 9 வந்தால் வாலிபப் பையன்கள் வண்டி வண்டியாகக் கறுப்புக் கொடி கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே போவார்கள். அலுவலகத்தில் அன்றைக்கு எங்களை வெளியே விடமாட்டார்கள்.

எனக்கு வாய்த்த ஓட்டுநர் ஹசாரா, அதாவது ஷியா சிறுபான்மை இனத்தவர். காபூலில் தஷ்த்-ஏ-பர்ச்சி பக்கத்தில் குடியிருந்தார். எங்கள் வண்டியின் முன்கண்ணாடியிலும் ஒரு மசூத் படம் ஒட்டியிருந்தது. வந்த புதிதில், ஊர்க்காரரைச் சந்தோஷப்படுத்துவோமே என்று, "உங்கள் மசூத் பெரிய ஆள், எங்கள் ஊரில் கூட அவரைப் பற்றி எழுதுவார்கள்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை தரி மொழியில் எடுத்துவிட்டேன். மனிதர் ஒன்றும் பேசவில்லை. ரேடியோ சத்தத்தைக் கூட்டினார், அவ்வளவுதான்.

நாலைந்து மாதம் கழித்து இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்கு ஒரு வேலையாகப் போனோம். அந்த ஹோட்டல் குன்று மேல் இருக்கும். கீழே பாலிடெக்னிக் வளாகம், அந்தப் பக்கமாகத்தான் அஃப்ஷார். வண்டியை நிறுத்திவிட்டு முகவாயால் காட்டினார். "என் பெரியம்மா வீடு அங்கே இருந்தது." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. அறைக்கு வந்து தேடி வாசித்த பிறகுதான் ரேடியோ ஏன் சத்தமானது என்று புரிந்தது.


கரிசல்காட்டான்:

கணக்கர் அண்ணே, நன்றி. நீங்கள் சொன்ன அந்த இடவிவரம்தான் என்னைப் போட்டு அரிக்கிறது. மசூத் படித்த பாலிடெக்னிக்கும் அஃப்ஷாரும் கூப்பிடு தூரம். அவர் அறியாத பூமி இல்லை அது.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்காமல் சொல்கிறேன். 1992 ஏப்ரலில் நஜிபுல்லாவின் கம்யூனிஸ்ட் அரசு விழுந்தது. பெஷாவர் ஒப்பந்தப்படி முஜாகிதீன் கட்சிகள் சேர்ந்து அரசு அமைத்தன, ரப்பானி ஜனாதிபதி ஆனார், மசூத் பாதுகாப்பு அமைச்சர். ஹெக்மத்யார் தெற்கே உட்கார்ந்து ஊருக்குள் ராக்கெட்டாக விட்டுக்கொண்டிருந்தார். மேற்குக் காபூலில் இரண்டு கட்சிகள்: மசாரி தலைமையில் ஹசாராக்களின் ஹிஸ்ப்-ஏ-வஹ்தத், அதற்கு ஈரான் பின்புலம். எதிரே அப்துல் ரசூல் சயாஃபின் இத்திஹாத், சவூதிப் பணம். ஷியா என்றாலே ஆகாத கூட்டம். 1992 கோடையிலிருந்தே இரண்டு பேரும் தெருவில் போகிறவர்களை இனம் பார்த்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். பிடிபட்டவர்களில் பலர் திரும்பவில்லை.

வஹ்தத் கொஞ்சம் கொஞ்சமாக ஹெக்மத்யார் பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் மசூத் முடிவெடுக்கிறார். அஃப்ஷாரில் சமூக அறிவியல் கல்விக்கழகக் கட்டடத்தில் வஹ்தத்தின் தலைமையகம் இருந்தது. அதைப் பிடித்து மசாரியை மடக்கணும், கூடவே நகரின் நடுவில் தன் கையில் இருந்த பகுதியையும் மேற்கே சயாஃப் கையில் இருந்த பகுதியையும் இணைக்கணும். 1993 பிப்ரவரி 11. ஒரு பக்கம் மசூதின் படை, இன்னொரு பக்கம் சயாஃபின் படை. மலை மேலிருந்து பீரங்கி. மதியத்துக்குள் கட்டடம் விழுந்தது, மசாரி தப்பிவிட்டார்.

கோட்டை விழுந்த பிறகு நடந்ததுதான் அஃப்ஷார். வீடு வீடாகப் போனார்கள். ஆண்களை வரிசையில் கட்டிக் கூட்டிப்போனார்கள், சுமை தூக்க வைத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. பெண்கள் பனியிலும் இருட்டிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், ஓட முடியாதவர்களுக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. கொள்ளை என்றால் கதவு, ஜன்னல், கூரைமரம் வரைக்கும் பெயர்த்துக்கொண்டு போன கொள்ளை. அதிகக் கொடுமை செய்தது இத்திஹாத் ஆட்கள் என்று இரண்டு அறிக்கையும் சொல்கின்றன, ஆனால் மசூதின் ஆட்களும் கை நனைத்தார்கள் என்றும் சொல்கின்றன.

மறுநாள், 12-ம் தேதி, அதே இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் ஒரு கூட்டம். கொலையையும் கொள்ளையையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஜன்னலைத் திறந்தால் அஃப்ஷார் தெரியும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாள் கழித்து.


நாஞ்சில் வாத்தியார்:

நானும் அந்த அறிக்கைகளை வாசித்திருக்கிறேன் தம்பி. உங்கள் விவரத்தில் பிழை இல்லை. எடை போடுவதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒன்று, வஹ்தத் ஒன்றும் பூப்பறிக்க வந்தவர்கள் இல்லை. பஷ்தூன்களையும் தாஜிக்குகளையும் அவர்களும் கடத்தினார்கள், அவர்களிடமும் சித்திரவதைக் கூடங்கள் இருந்தன. இரண்டு, காபூலை மேலிருந்து மண்ணாக்கியது ஹெக்மத்யார் ராக்கெட். 1992 ஆகஸ்டில் மட்டும் செத்தவர்கள் எத்தனை பேர்! மூன்று, அரசு என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது, சம்பளம் இல்லை, சீருடை இல்லை, சயாஃப் ஆட்கள் மசூத் சொன்னால் கேட்கிற ஆட்களும் இல்லை. தலைநகரையே இழந்துவிடுவோம் என்ற நிலைமையில் இருக்கிற கூட்டாளியை விட்டால் வேறு யாரைத் தேடுவது? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார் என்று நாம் இன்றைக்குச் சுலபமாகச் சொல்லலாம். அன்றைக்கு அவருக்கு மடி முழுக்க ஓணான்தான்.


சவுக்குத்தோப்பு:

ஆக ஓணான் மேல் பழி, மடிக்காரர் நல்லவர். சரிதான்.


வைகறை:

இந்த முறை சவுக்குத்தோப்பு என்னை முந்திக்கொண்டார்.

ஐயா, "சயாஃப் ஆட்கள் அவர் சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்பது அவரைக் காப்பாற்றுகிற வாதமா? கேட்காத கூட்டம் என்பது அவருக்கு முன்பே தெரியும். எட்டு மாதமாக மேற்குக் காபூலில் அந்தக் கூட்டம் ஹசாராக்களை என்ன செய்துகொண்டிருந்தது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் ஒரு ஹசாராக் குடியிருப்புக்குள் அவர்களோடு சேர்ந்து இறங்கத் திட்டம் போட்டார். தாக்குதல் திட்டத்தில் பீரங்கிக்கு இடம் இருந்தது, எந்தத் தெருவில் யார் நுழைவது என்பதற்கு இடம் இருந்தது. ஜனங்கள் வெளியேற வழி என்ன என்பதற்கு மட்டும் இடம் இல்லை. 1984-ல் சொந்தப் பள்ளத்தாக்கைக் காலி செய்து காட்டியவர் இவர், நீங்களேதான் சொன்னீர்கள்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லாமல் அஃப்ஷாரைப் பேசினால் பாதிதான் பேசினதாகும். 1989 ஜூலையில் தகார் மாகாணத்தில், சையத் ஜமால் என்ற ஹெக்மத்யார் கட்சித் தளபதி, மசூதின் ஆட்களை வழிமறித்துக் கொன்றான். முப்பதுக்கும் மேல் இருக்கும், அதில் மசூதோடு வருஷக்கணக்காக இருந்த தளபதிகள் பலர். மசூத் என்ன செய்தார்? ஆளைத் தேடிப் பிடித்தார். கண்ட இடத்தில் சுடவில்லை, விசாரணை வைத்தார். டிசம்பரில் ஜமாலையும் இன்னும் சிலரையும் தூக்கில் போட்டார்கள். அன்றைக்கு எல்லாரும் பாராட்டினார்கள், பழி வாங்காமல் நீதி செய்தார் என்று.

சரி, நீதி செய்யத் தெரிந்தவர்தானே. ஒரு பள்ளத்தாக்குத் தளபதியாக இருந்து செய்தவர், நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது அஃப்ஷாருக்காக எத்தனை தளபதியை விசாரித்தார்? ஒருத்தனையும் இல்லை. சயாஃபோடு கூட்டு அடுத்த நாளும் நீடித்தது, அடுத்த வருஷமும் நீடித்தது, சாகிற வரைக்கும் நீடித்தது. 1989-ல் செத்தவர்கள் அவருடைய ஆட்கள். 1993-ல் செத்தவர்கள் வேறு யாரோ. எனக்கு இந்த இடத்தில்தான் அவர் மேல் வைத்திருந்த மரியாதை சறுக்குகிறது.


துறைமுகத்தான்:

தாமதமாக வருகிறேன். வைகறை அக்கா சொன்னது கனமான விஷயம், அதை ஒதுக்கிவிட்டுப் பேசவில்லை. ஆனால் கூட்டணி என்ற சொல்லை அந்த ஊர்க் கணக்கில் புரிந்துகொள்ளணும் என்பதற்காக ஒரு பட்டியல் மாதிரி சொல்லிப் பார்க்கிறேன், சிரிப்பு வந்தால் நான் பொறுப்பில்லை.

தோஸ்தம்: நஜிபுல்லாவின் கம்யூனிஸ்ட் அரசுக்குச் சண்டை போட்டவர். 1992-ல் கட்சி மாறி மசூத் பக்கம் வந்தார், அதனால்தான் காபூலே விழுந்தது. 1994 ஜனவரியில் ஹெக்மத்யாரோடு சேர்ந்து அதே மசூத் மேல் பாய்ந்தார். 1996 அக்டோபரில், காபூல் தாலிபானிடம் போய் இரண்டு வாரம் ஆவதற்குள், மறுபடி மசூதோடு கைகுலுக்கல்.

வஹ்தத்: 1992-ல் நண்பர், 93-ல் அஃப்ஷார். 1995 மார்ச்சில் மேற்குக் காபூலில் வஹ்தத்தை உடைத்தபோது கார்த்தே சே பகுதியில் மசூத் படை செய்த கொள்ளையும் பலாத்காரமும் தனி. அதே மாதம் மசாரியைத் தாலிபான் கொன்றது. 1996-ல் மசாரிக்குப் பின் வந்த கரீம் கலீலி, தாலிபானை எதிர்த்த வடக்குக் கூட்டணியில் மசூதுக்குப் பங்காளி.

எல்லாவற்றுக்கும் மேல் ஹெக்மத்யார்! நாலு வருஷம் ஊரை ராக்கெட்டால் அரைத்தவர். 1996 ஜூனில் பிரதமராகக் காபூலுக்குள் வருகிறார், மசூதும் அவரும் ஒரே அரசு. வந்தவுடன் பெண்கள் உடுப்புக்குச் சட்டம் போட ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் தாலிபான் வந்து மொத்தக் கடையையும் மூடியது.

அப்புறம் வெளிநாடுகள். பத்து வருஷம் யாரை எதிர்த்துச் சண்டை போட்டாரோ அந்த ரஷ்யாவே ஆயுதம் தந்தது. ஈரான் தந்தது. நம்ம இந்தியாவும் தந்தது. தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில் அப்போது இந்தியத் தூதராக இருந்த பரத் ராஜ் முத்துக்குமார் பிற்பாடு இந்து பத்திரிகையில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மசூத் தன் தொப்பியைக் கழற்றி மேசை மேல் போட்டு, அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, நின்று சண்டை போட இவ்வளவு இடம் நாட்டில் இருந்தால் எனக்குப் போதும் என்றாராம். தஜிகிஸ்தானில் எல்லைக்குப் பக்கத்தில் ஃபர்கோரில் இந்தியா ஒரு ஆஸ்பத்திரி நடத்தியது, அடிபட்ட மசூத் ஆட்களுக்கு அங்கேதான் வைத்தியம்.

அந்தத் தொப்பிக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் 1998 செப்டம்பரையும் சேர்த்துத்தான் நினைக்கணும். காபூலின் வடக்குப் பகுதியில் இரண்டு நாள் ராக்கெட் விழுந்தது, ஒன்று இரவுச் சந்தையில். செத்தவர்கள் 76-லிருந்து 180 வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். மசூத் தரப்பு எங்கள் வேலை இல்லை என்றது, ஆனால் வடக்கே சுடுகிற தூரத்தில் இருந்தது அவர் படை, பழியும் பொதுவாக அவர்கள் மேல்தான். அப்போது ஹெக்மத்யார் இல்லை, சயாஃப் மேல் போடவும் முடியாது.


நாஞ்சில் வாத்தியார்:

ஜமால் விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் அஃப்ஷாருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அம்மா, அது நியாயமான கேள்வி. பதில் இருப்பதுபோல் பாவனை செய்யமாட்டேன்.

ஆனாலும் ஒன்று விடாமல் உறுத்துகிறது. 1995 தொடக்கத்தில் தாலிபான் காபூல் வாசலில் நின்றபோது, மைதான் ஷஹருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போய் அவர்களோடு பேசிவிட்டு வந்தவர். 1996-ல் காபூலை விட்டபோது தெருத்தெருவாக நின்று சண்டை போட்டு ஊரை இன்னொரு தடவை எரிக்காமல் படையைக் கூட்டிக்கொண்டு வடக்கே போனவர். போகும்போது நஜிபுல்லாவுக்கும் ஆள் அனுப்பிக் கூட வரச் சொன்னார், பழைய எதிரிக்கு. அவர் மறுத்தார், மறுநாள் அரியானா சதுக்கத்தில் தொங்கவிட்டார்கள். 2001 ஏப்ரலில் ஐரோப்பா போய், இந்த அரபுக் கூட்டத்தைக் கவனிக்காவிட்டால் அமெரிக்காவுக்கும் உங்களுக்கும் சேர்த்து அடி விழும் என்று சொன்னவர். ஐந்து மாதம் தாண்டியதும் அடி விழுந்தது. இதையெல்லாம் செய்தவரையும் அஃப்ஷாரில் இறங்கியவரையும் ஒரே ஆள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அஃப்ஷார் மட்டும்தான் அந்த ஆள் என்றால் ஒப்பமாட்டேன்.

காபூல் வருஷங்களிலிருந்து அவர் ஏதோ கற்றுக்கொண்டார் என்றுதான் நான் நம்புகிறேன். கடைசி வருஷங்களில் தேர்தல் பற்றியும் பெண்கள் படிப்பு பற்றியும் பேசிய பேச்சு 1992-ல் அவர் வாயில் கேட்காதது.


கரிசல்காட்டான்:

ஐயா, நான் அவரை அஃப்ஷாராகச் சுருக்கவில்லை. அஃப்ஷாரை அடிக்குறிப்பாகச் சுருக்குகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. கற்றுக்கொண்டார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அஃப்ஷார் ஜனங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னாரா என்று தேடினேன், எனக்கு அகப்படவில்லை.

கூட்டாளிகள் விஷயத்தில் கற்றுக்கொண்டாரா என்பதற்கு அவர் சாவே ஒரு பதில். 2001 செப்டம்பர் 9, தகார் மாகாணம், கவாஜா பஹாவுதீன். பத்திரிகைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு பெல்ஜியப் பாஸ்போர்ட்டோடு வந்த இரண்டு துனிசியர்கள், கேமராவோடு வந்த குண்டு. அவர்கள் வடக்குக் கூட்டணிப் பகுதிக்குள் எந்த வழியாக வந்தார்கள்? சயாஃப் வழியாக. சயாஃபுக்கு 80-களில் பழக்கமான ஒரு எகிப்தியர், வருகிறவர்கள் நம்ம ஆட்கள் என்று சொல்லி அனுப்ப, அவர் விருந்தாளியாக ஏற்றுக்கொண்டார். சயாஃபுக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அரபு ஜிகாதிகளோடு அந்தப் பழைய கொடுக்கல் வாங்கல் மசூதுக்குத் தெரியாததா? செப்டம்பர் 11 தாக்குதலுக்குத் திட்டம் போட்ட காலித் ஷேக் முகமதுவே சயாஃப் முகாமில் வளர்ந்த ஆள்.

மசூத் கலீலி (வஹ்தத் கலீலி வேறு ஆள்), அப்போது டெல்லியில் அவர்கள் தரப்புத் தூதர், அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர். முந்தின ராத்திரி நெடுநேரம் ஹாபிஸ் வாசித்தார்களாம். பேட்டி தொடங்கும் முன் கலீலியின் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் மசூதே செருகினாராம். வெடித்தபோது நெஞ்சுக்கு நேராக வந்த சில்லுகளை அந்தப் பாஸ்போர்ட் தாங்கியது. கலீலிக்கு ஒரு கண் போனது, உயிர் தப்பியது. இதை வாசித்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அஃப்ஷாரை வாசித்த பிறகும் அடைத்தது. இரண்டும் சேர்ந்துதான் என் தலைவலி.


வைகறை:

செத்தது செப்டம்பர் 9, சாவைச் சில நாள் வெளியே சொல்லவே இல்லை. அதற்குள் நியூயார்க் கோபுரங்கள் விழுந்து, அமெரிக்கா அவர் கூட்டணியைத் தேடி வந்து, நவம்பரில் அவருடைய ஆட்கள் காபூலுக்குள் நுழைந்தார்கள். அப்புறம் தேசிய வீரர் பட்டம். யாரும் அவரைக் கேள்வி கேட்கிற சந்தர்ப்பமே வரவில்லை.

அவர் படம் யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள். அஃப்ஷார் காலத்தில் உளவுத்துறையைக் கையில் வைத்திருந்த மசூதின் ஆள் ஃபஹீம் மார்ஷல் ஆகி, துணை ஜனாதிபதியாகச் செத்தார். சயாஃப் 2005-ல் நாடாளுமன்ற உறுப்பினர், 2014-ல் ஜனாதிபதி வேட்பாளர். 2007-ல் அந்த நாடாளுமன்றமே, பழைய சண்டைக்காரர்கள் யார் மேலும் அரசு வழக்குப் போடாது என்று சட்டம் போட்டுக்கொண்டது. வழக்கு வந்தால் முதலில் மாட்டுகிறவர்கள்தான் கை தூக்கி நிறைவேற்றினார்கள். காபூலை ராக்கெட்டால் அடித்த ஹெக்மத்யாரும் 2017-ல் மரியாதையோடு காபூல் திரும்பினார். இத்தனைக்கும் மேலே பெரிய மசூத் படம். அதைத் தொட்டால் நாட்டு வீரரைத் தொட்டதாக ஆகிவிடும், அதற்குப் பின்னால் எல்லாரும் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

2021-ல் தாலிபான் வந்து அந்தப் படங்களைக் கிழித்தது. பஞ்ச்ஷீரில் அவர் மகன் அகமது மசூத் கொஞ்ச நாள் நின்று பார்த்தார், செப்டம்பரில் அதுவும் போனது. தாலிபான் கிழித்ததே என்பதற்காக நாம் மறுபடி ஒட்டணுமா என்ன.


நாஞ்சில் வாத்தியார்:

கடைசி வரி குத்துகிறது அம்மா. இன்றைக்கு இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், கண் மருத்துவர் திரையைப் பார்க்கக் கூடாது என்றிருக்கிறார். 1983 சண்டைநிறுத்தம் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அதில் உங்களோடு எனக்குப் பாக்கி இருக்கிறது.


துறைமுகத்தான்:

கணக்கர் அண்ணே, ஒன்று மட்டும் புரியவில்லை. ஓட்டுநர் ஹசாரா, பெரியம்மா வீடு அஃப்ஷாரில். அப்படியிருக்க வண்டிக் கண்ணாடியில் மசூத் படம் எப்படி? நிறுவனம் ஒட்டச் சொன்னதா?


பழைய கணக்கர்:

இல்லை தம்பி. எனக்கு முன்னால் ஓட்டிய பஞ்ச்ஷீர்க்காரர் ஒட்டிவிட்டுப் போனது. எனக்கும் அதே சந்தேகம், வேலையை விட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டே விட்டேன், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாமே என்று. சிரித்தார். வடக்கே போகிற சாவடிகளில் போலீஸ்காரர்கள் முக்கால்வாசி பஞ்ச்ஷீர், ஷொமாலிக்காரர்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் போ போ என்று கை காட்டுவார்கள், சம்பளப் பணம் கொண்டுபோகிற நாளில் அது ரொம்ப உதவி என்றார். வெயிலில் ஒரு ஓரம் பிரிந்து வந்திருந்தது. அன்றைக்கு மாலையே அவர் டேப் வாங்கி வந்து அதைச் சரியாக ஒட்டினார், நான்தான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.